லோங் மிடாங்: ரிங்கிட் புழங்கும் இந்தோனேசியச் சிற்றூர்

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். போர்னியோவின் நடுமலையில், இந்தோனேசியா–மலேசியா எல்லையை ஒட்டி லோங் மிடாங் என்றொரு சிற்றூர் இருக்கிறது. தேடிப் பார்த்தால் இன்ன மாகாணம், இன்ன மாவட்டம், இன்ன வட்டம் என்று இரண்டு வரிதான் கிடைக்கிறது. அங்கே கடைகளில் இந்தோனேசிய ரூபியாவைவிட மலேசிய ரிங்கிட்தான் அதிகம் புழங்குகிறது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது எப்படிப்பட்ட ஊர் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, அந்த மக்கள் மனதளவில் எந்த நாட்டவர் என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரியவேண்டியது இந்த இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் ஊரின் அமைப்பைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொன்னால் தப்பாகிவிடும். அதனால் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நெல் ரகங்களோடு வேலை செய்பவன். பிறந்தது மலேசியாவில். போர்னியோவின் மலேசிய மாநிலங்களான சரவாக், சபா மலைநாட்டு நெல்லைத் தேடி அலைந்ததில் பதினேழு ஆண்டுகள் போயிருக்கின்றன. அதில் நான்கு முறை எல்லைக்கு அப்பால் கிராயான் மேட்டு நிலத்துக்குப் போய்த் தங்கியிருக்கிறேன். லோங் மிடாங் அந்தக் கிராயானில்தான் இருக்கிறது. எனக்கு மலாய் தெரியும். அந்த மக்களின் சொந்த மொழியான லுன்டாயே, அடுப்படியில் வேகமாகப் பேசினால் பாதிக்கு மேல் பிடிபடாது. ஆகவே வயல், உப்பு, சந்தை பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் நடக்கும் பேச்சைப் பற்றி நான் சொல்வதை மலாய் வழியாக வடிகட்டி வந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிலம். போர்னியோ எல்லை 1891இல் லண்டனில் பிரிட்டனும் நெதர்லாந்தும் செய்துகொண்ட உடன்பாட்டில் பிறந்தது. பிறகு 1915இலும் 1928இலும் சேர்த்தல் திருத்தங்கள் நடந்தன. மலைநாட்டில் அவர்கள் பின்பற்றிய விதி எளிமையானது. மலைமுகட்டில் விழும் மழை எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தப் பக்கம் அந்த நாட்டுக்கு. வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் இதைவிட ஒழுங்கான விதி கிடையாது. ஆனால் அந்த மலையில் மனிதர்கள் நீர் ஓடும் திசையில் நடப்பதில்லை. கிராயானின் நீர் கிழக்குக் கடற்கரைப் பக்கம் போகிறது. போகும் வழியில் பாறையும் ஆற்று வீழ்ச்சியும் அடர்காடுமாக இருப்பதால் படகு ஏறி வருவது பெரும்பாடு. மேற்கே முகட்டைத் தாண்டுவதோ ஒரு காலைநேர நடை. தாண்டினால் மலேசியாவின் பாகெலாலான். அங்கே ஓடும் நீர் துருசான் ஆற்றில் கலந்து புருணை விரிகுடாவுக்குப் போய்விடுகிறது. நீர் பிரிந்துபோகும் இடத்தில் மனிதர்கள் கூடியிருந்திருக்கிறார்கள். கோடு போட்டவர்கள் கணக்கில் எடுக்காமல் விட்டது இதைத்தான்.

முகட்டின் இரு பக்கமும் இருப்பது ஒரே மக்கள். இந்தோனேசியாவில் லுன்டாயே என்கிறார்கள். ‘லுன்’ என்றால் ஆட்கள், ‘டாயே’ என்றால் ஆற்றின் மேல்பக்கம். சரவாக்கில் அதே மக்களுக்கு லுன்பாவாங் என்று பெயர். புருணையில் மூருட் என்ற பெயரில் நாட்டின் ஏழு பூர்வகுடிகளில் ஒன்றாக எண்ணப்படுகிறார்கள். மூன்று நாடு, மூன்று பெயர், பேச்சு மட்டும் சிறுசிறு வட்டார வேறுபாட்டோடு ஒன்றேதான். ஊர்ப்பெயர்களும் நிலத்தையே சொல்கின்றன. ‘லோங்’ என்றால் சிற்றாறு பெரிய ஆற்றில் வந்து சேரும் இடம், நம் கூடல் மாதிரி. பாகெலாலானில் முன்னால் வரும் ‘பா’ நீர் நிற்கும் வயலைக் குறிக்கிறது.

நீங்கள் பார்த்த இரண்டு வரி விவரம் ஏன் அவ்வளவு வறண்டு கிடக்கிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. லோங் மிடாங் வட கலிமந்தான் மாகாணம், நுனுக்கான் மாவட்டம், கிராயான் வட்டத்தில் வருகிறது. நுனுக்கான் மாவட்டம் பிறந்தது 1999இல், மாகாணம் பிறந்தது 2012இல். அந்த வட்டத்தில் ‘தேசா’ என்கிற அரசுக் கிராமங்கள் மிகச் சிறியவை, பலவற்றில் நூறு இருநூறு பேர்தான். 1970களில், சிதறிக் கிடந்த குடியிருப்புகளை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கும் திட்டத்தை அரசு நடத்தியது. மக்கள் இடம் மாறி ஒன்றாக வந்து உட்கார்ந்தார்கள், ஆனால் பழைய ஊர்ப்பெயரையும் பழைய நிலவுரிமையையும் தலைவரையும் விடவில்லை. இப்படிச் சேர்ந்த குடியிருப்பை அங்கே ‘லோகாசி’ என்கிறார்கள். ஆகவே நம் கண்ணுக்கு ஒரே ஊராகத் தெரிவது காகிதத்தில் நான்கைந்து கிராமமாக இருக்கலாம். ஒருவர் குடியிருப்பது இங்கே, அவருடைய கிராமத்தின் காடும் பழைய மயானமும் ஒரு நாள் நடை தூரத்தில். மக்கள்தொகைப் பட்டியலை மட்டும் வைத்து இந்த ஊர்களைப் பற்றி எழுதினால் தவறு வந்தே தீரும்.

லோங் மிடாங் கிராயானுக்கு வெளியேயும் அறியப்படுவது உப்பால். மலையில் உப்பா என்று கேட்பீர்கள், நானும் முதல்முறை அப்படித்தான் கேட்டேன். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம், கடலுக்குப் பல நாள் பயணம், அங்கே நிலத்தடியிலிருந்து உப்புநீர் ஊறுகிறது. கிராயானில் இப்படிப் பல ஊற்றுகள் உண்டு, பெயர்போனது லோங் மிடாங் ஊற்றுதான். ஊற்றுக்குப் பக்கத்திலேயே கொட்டகை. எண்ணெய் பீப்பாயைப் பிளந்து தட்டையாக்கிய பெரிய தொட்டிகளை நீளமான மண் அடுப்பின்மேல் வரிசையாக வைத்து, உப்புநீரை ஊற்றி விறகெரித்துக் காய்ச்சுகிறார்கள். நீர் சுண்டச் சுண்ட மேலும் ஊற்றுகிறார்கள். மேலே கட்டும் நுரையை அகப்பையால் வழித்துப் போடுகிறார்கள். பகலோடு முடிகிற வேலை இல்லை இது, இரவிலும் யாராவது ஒருவர் அடுப்பருகே இருந்தாக வேண்டும். நான் ஒரு ராத்திரி கூட உட்கார்ந்திருந்தேன். விடியற்காலையில் தொட்டியின் ஓரத்தில் முதலில் ஒரு வெள்ளை விளிம்பு கட்டுகிறது, பிறகு அடியில் குழைந்த பனிபோல் சேர்கிறது. அதை வாரிக் கூடையில் போட்டு அடுப்புக்கு மேலேயே தொங்கவிடுகிறார்கள். நீர் வடிந்ததும் சிலர் மூங்கில் குழாயில் அடைத்துத் தீயில் சுடுகிறார்கள். மூங்கில் கருகி உரிந்ததும் உள்ளே உப்பு கல்தூண் மாதிரி கெட்டியாக நிற்கிறது. இலையில் சுற்றி அப்படியே விற்பனைக்குப் போகிறது. ஊற்று ஒருவருக்குச் சொந்தமில்லை. குடும்பங்கள் முறை வைத்துக் காய்ச்சுகின்றன.

நம் சங்கப் பாடல்களில் உமணர்கள் நெய்தல் நிலத்து உப்பை வண்டியில் ஏற்றி மலைப்பக்கம் கொண்டுபோவார்கள். கிராயானில் அந்த வண்டி எதிர்த்திசையில் ஓடியது. உப்பு மேட்டிலிருந்து கீழே போனது, பதிலுக்கு மற்றவை மேலே வந்தன. இன்றும் லோங் மிடாங் உப்பு எல்லை தாண்டிப் பாகெலாலானுக்கும் அங்கிருந்து சரவாக்கின் லாவாஸ் சந்தைக்கும் போகிறது.

உப்பைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. இந்த உப்பில் கீரை வேகவைத்தால் பச்சை நிறம் மாறாது என்பார்கள். இதை நான் கண்ணால் பார்த்தேன், நம்புகிறேன். சமையல் சோடாபோல் காரத்தன்மையுள்ள எதைச் சேர்த்தாலும் கீரை பச்சையாக நிற்கும் என்பது சமைப்பவர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் ‘இதில் அயோடின் நிறைய, கழுத்துக் கழலையே வராது’ என்று பொட்டலத்தில் எழுதி விற்பதை ஆய்வகப் பரிசோதனை இல்லாமல் நீங்கள் எங்கும் எழுத வேண்டாம். விறகு இன்னொரு கவலை. உப்புக் காய்ச்சுபவர் சொன்னது எனக்கு மனதில் நிற்கிறது: அவருடைய அப்பா காலத்தில் கொட்டகை வாசலிலேயே மரம் வெட்டினார்களாம், இவர் மோட்டார் சைக்கிளில் போய்க் கொண்டுவருகிறார்.

இனி நெல், என் சொந்த வயல். கிராயான் அரிசிக்கு ஆடான் என்று பெயர். வெள்ளை, சிவப்பு, கறுப்பு என மூன்று நிறத்தில் வருகிறது. மணி மிகச் சிறியது, சமைத்தால் மென்மையாகவும் லேசான மணத்தோடும் இருக்கும். ஆண்டுக்கு ஒரே போகம். ஜூலை, ஆகஸ்டில் நடவு, டிசம்பர் தொடங்கி அறுவடை. ஏர் கிடையாது. அறுவடை முடிந்ததும் வயலை எருமைகளிடம் விட்டுவிடுகிறார்கள். அவை மாதக்கணக்கில் அங்கேயே மேய்ந்து, களையைத் தின்று, சாணம் போட்டு, சேற்றில் புரண்டு, மிதித்து மிதித்துத் தொளி ஆக்குகின்றன. நடவுக்கு முன்னால் எருமைகளை வெளியே ஓட்டி வேலி கட்டுகிறார்கள். அதன்பிறகு வேலியைப் பார்ப்பதுதான் வேலையில் பாதி. ஒரு எருமை உள்ளே வந்தால் ஓர் ஆண்டுச் சோறு போய்விடும், அதனால் வேலி பழுதாக விட்டவருக்கும் எருமைக்காரருக்கும் நடுவே வரும் வழக்கைத்தான் ஊர்ப் பெரியவர் மற்ற எந்த வழக்கையும்விட அதிகம் தீர்த்துவைக்கிறார். அந்த வயலில் நான் முழங்கால்வரை இறங்கி நின்றபோது, சேற்றின் மேல்பகுதி தயிர்போல் இருந்தது, ஒரு கட்டிகூடக் காலில் தட்டவில்லை. இரும்பு படாமல் இப்படி ஒரு சேடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எருமை அங்கே உழவுக்கருவி மட்டுமில்லை, சேமிப்பும் கல்யாணச் சீரும் அதுதான்.

சோற்றையும் அவர்கள் நம்மைப்போல் உதிரியாக வைப்பதில்லை. குழைய வேகவைத்து, அகப்பையால் மசித்து, அகலமான இலையில் பொதிந்து வைக்கிறார்கள். லுபா லாயா என்று பெயர். காலையில் பொதிந்தது மாலைவரை இலைக்குள் ஈரம் போகாமல் இருக்கும். வயலுக்கும் பள்ளிக்கும் அதுதான் கட்டுச்சோறு.

ஆடான் அரிசிக்கு இந்தோனேசியாவில் 2012இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எனக்குப் பல ஆண்டாக உறுத்துவது. மலேசியச் சந்தையில், சரவாக் மலையூரான பாரியோவின் பெயரில், பாரியோ அரிசி என்று புகழோடு விற்பதும் இதே ஆடான் குடும்பத்து நெல்தான். பாரியோவில் அந்த ரகத்தை விவசாயிகளே ஆடான் என்றுதான் அழைக்கிறார்கள். பாரியோ அரிசிக்கும் மலேசியாவில் புவிசார் குறியீடு உண்டு. கிராயான் விவசாயி தன் அரிசியை எங்கே விற்பது? கிழக்குக் கடற்கரை நகரங்களான நுனுக்கானுக்கோ தாராக்கானுக்கோ அனுப்ப வேண்டுமானால் சிறு விமானத்தில் கிலோக் கணக்கில் கூலி கட்டவேண்டும். பாகெலாலானுக்கு மோட்டார் சைக்கிளிலேயே போய்விடும். போகிறது. முகட்டைத் தாண்டியபின் அது பல நேரம் பாரியோ அரிசி என்ற பெயரில் பொட்டலமாகிறது. விளைத்தவர் பெயரும் விளைந்த நிலத்தின் பெயரும் வழியில் கழன்றுவிடுகின்றன. புருணை அரண்மனையில் இந்த அரிசியைத்தான் சமைக்கிறார்கள் என்று எல்லையின் இரு பக்கமும் சொல்லக் கேட்டிருக்கிறேன். புருணைக்கு அரிசி போவது உண்மை. அரண்மனைக் கதையை மட்டும் கேள்விப்பட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரிங்கிட்டுக்கு வரலாம். உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. நான் போன ஒவ்வொரு முறையும் கடைப்பலகையில் இருந்த சர்க்கரை, சமையல் எண்ணெய், மைலோ, பிஸ்கட், வெளியே நின்ற சமையல் எரிவாயு உருளை, வீடு கட்டும் சிமென்ட் எல்லாம் மலேசியாவிலிருந்து வந்தவை. இந்தோனேசியாவின் மற்றப் பகுதிகளிலிருந்து சரக்கு வர நம்பகமான சாலை இல்லை. பக்கத்து மாவட்டமான மலினாவ் பக்கமிருந்து வெட்டிவரும் பாதை மழையில் சகதியாகிவிடுகிறது. மிச்சமிருப்பது விமானம். கிராயான் வட்டத்தின் தலைமையிடமான லோங் பாவானில் இருக்கும் விமான நிலையத்துக்கு அந்த ஊர்க் கதைகளில் வரும் யுவாய் செமாரிங் என்ற பேருருவ வீரனின் பெயரை வைத்திருக்கிறார்கள். அங்கே இறங்குவது பன்னிரண்டு பேர் உட்காரும் விமானம். பெட்ரோலையும் டீசலையும் நாடு முழுக்க ஒரே விலையில் தரும் திட்டம் 2016இல் தொடங்கியபிறகு, எரிபொருளைச் சிறு விமானத்தில் ஊற்றிக் கிராயானுக்குக் கொண்டுவருகிறது அரசு. அது உண்மையான உதவி, அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் சிமென்ட் மூட்டையை விமானத்தில் ஏற்றினால் யாருக்கும் கட்டுபடியாகாது. எதிர்ப்பக்கத்திலோ பாகெலாலானிலிருந்து லாவாஸ் நகருக்கு, கரடுமுரடானாலும், நாலு சக்கர வண்டி ஓடும் பாதை பல காலமாக இருக்கிறது. அரிசியும் உப்பும் எருமையும் அந்தப் பக்கம் ரிங்கிட்டுக்கு விற்கின்றன, அந்த ரிங்கிட்டிலேயே சர்க்கரை வாங்கப்படுகிறது. ரூபியா மாற்றிக் கொண்டுவர யாருக்கும் அவசியமில்லை. ஆசிரியர் சம்பளமும் கிராம நிதியும் மட்டும் ரூபியாவில் வருகின்றன.

இந்தக் கொடுக்கல் வாங்கல் கள்ளத்தனமும் இல்லை. எல்லைவாசிகள் மாதம் ஆளுக்கு 600 ரிங்கிட் மதிப்புக்குப் பொருள் வாங்கிவரலாம் என்று இரு நாடுகளும் 1970இல் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அன்றைக்கு 600 பெரிய தொகை. அரை நூற்றாண்டாக அதே எண் நின்றது. இன்று ஒரு எரிவாயு உருளை, கொஞ்சம் சிமென்ட், வீட்டுக்கு மளிகை என்று வாங்கினால் அந்த வரம்பைத் தொட்டுவிடும். அதனால் கணக்கு சரியாக இருப்பதுபோல் காட்ட வேண்டிய சங்கடம் சாதாரண மக்களுக்கு. 2023 ஜூனில் புத்ராஜெயாவில் இரு நாட்டுத் தலைவர்கள் முன்னிலையில் புதிய எல்லை வர்த்தக உடன்பாடு கையெழுத்தானது. எல்லை தாண்ட ஊர்க்காரர்களிடம் சிறு அட்டைப் புத்தகம் ஒன்று இருக்கும், பாஸ் லிந்தாஸ் பதாஸ் என்பார்கள். லோங் மிடாங் சாவடியில் நின்றபோது, கூடையில் அன்னாசியோடு வந்த ஒரு பெண் அதைக் காட்டிவிட்டு அத்தையைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கடந்து போனார். கோட்டுக்கு அப்பால் தெரிந்தது நான் பிறந்த நாடு. என் கடவுச்சீட்டோடு அங்கே தாண்ட எனக்கு அப்போது அனுமதி இருக்கவில்லை, தாராக்கான், நுனுக்கான் என்று சுற்றித்தான் வீடு திரும்பவேண்டியிருந்தது.

கோடு எவ்வளவு கெட்டியானது என்பது 2020 மார்ச்சில் தெரிந்தது. மலேசியா பெருந்தொற்றுக்காக எல்லையை அடைத்தது. கிராயானில் சர்க்கரையும் எண்ணெயும் எரிபொருளும் காணாமல் போயின, கிடைத்தவற்றின் விலை பலமடங்கு ஏறியது. அறுவடை முடிந்து அரிசி கையில் இருந்த நேரம், வாங்குபவர் முகட்டுக்கு அப்பால் மாட்டிக்கொண்டார். மறுபக்கம் பாகெலாலானில் வயல் வேலைக்கு வழக்கமாகக் கிராயானிலிருந்து வருகிற ஆட்கள் வரவில்லை. ஒரே கதவு இரண்டு வீட்டையும் பூட்டியது.

இனி நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி. இந்தோனேசிய எல்லைப் பகுதிகளில் ஒரு சொலவடை உண்டு: ‘நெஞ்சில் கருடன், வயிற்றில் மலேசியா.’ கருடன் அவர்கள் தேசியச் சின்னம். வெளியூர்ப் பத்திரிகைகள் இதை விசுவாசம் ஆட்டம் காண்கிறது என்ற அச்சத்தோடு எழுதுகின்றன. எனக்கு அது சாலை வேண்டும் என்ற கோரிக்கையாகத்தான் கேட்கிறது. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவும் மலேசியாவும் மோதிக்கொண்டபோது இந்த முகடு போர்முனையாக இருந்தது. லோங் பாவானில் இந்தோனேசியப் படை தங்கியது. ஒரே குடும்பத்தில் சிலர் அந்தப் பக்கம் போய் அங்கேயே குடியேறினார்கள், சிலர் இருந்துவிட்டார்கள். இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்தோனேசியப் பள்ளியில் படிக்கிறார்கள், ஆகஸ்ட் 17இல் கொடியேற்றுகிறார்கள், இந்தோனேசியத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். வேலைக்காக எல்லை தாண்டிப்போய் அங்கேயே குடியுரிமை வாங்க முயல்பவர்களும் இருக்கிறார்கள், மறைப்பதற்கில்லை. அவர்கள் போவது சம்பளத்துக்காக. நாடு என்றால் குடியுரிமை என்ற பொருளில் லோங் மிடாங் மக்கள் இந்தோனேசியர்கள், அவர்களுக்கே அதில் குழப்பமில்லை. சொந்தம் என்ற பொருளில் கேட்டால் பதில் முகட்டின் இரு பக்கமும் நிற்கும். 2004இல் கிராயான், பாகெலாலான், பாரியோ, சபாவின் லோங் பாசியா ஊர்களின் மக்கள் சேர்ந்து ஃபோர்மாடாட் என்ற பொது மன்றத்தை அமைத்தபோது, காட்டையும் நெல்லையும் பற்றி இரு நாட்டவராகவே ஒரே பாயில் உட்கார்ந்து பேசினார்கள். நாட்டை மாற்றச் சொல்லி அதில் யாரும் கேட்கவில்லை, வழியைத் திறந்துவிடச் சொன்னார்கள்.

நீங்கள் இதைப் பற்றி எழுதுவதாக இருந்தால் ஒருமுறை போய்வாருங்கள். நுனுக்கானிலிருந்தோ தாராக்கானிலிருந்தோ லோங் பாவானுக்கு விமானம் பிடிக்கலாம். மேகம் இறங்கினால் அன்றைக்குப் பறக்காது, அதனால் கையில் இரண்டு மூன்று நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பையோடு சேர்த்து உங்களையும் தராசில் நிறுத்துவார்கள். அங்கிருந்து லோங் மிடாங்குக்கு மோட்டார் சைக்கிள் கிடைக்கும். வயல் வேலை பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்டில் போங்கள், புது அரிசி சாப்பிட வேண்டுமென்றால் ஜனவரியில். உப்புக் கொட்டகைக்கு இரவில் போங்கள், அடுப்புக்காரருக்குப் பேச்சுத்துணை தேவைப்படும் நேரம் அதுதான்.